புரட்டாசி முழுக்கச் சைவம்

செப்டம்பர் 16, திங்கள்

நறுமுகைக்கு நான்காவது பல் முளைத்துவிட்டது. மேலே, வலது பக்கம். கடிக்கிறாள். நாள் முழுக்க வாயில் விரல், விரலில் எச்சில், எச்சிலில் தரையில் கிடந்த ஏதோ ஒன்று. இன்று ஒரு காய்ந்த பட்டாணியை அவள் வாயிலிருந்து தோண்டி எடுத்தேன். பார்க்காமல் விட்டிருந்தால் என்று நினைத்து மத்தியானத்துக்குள் வீட்டை இரண்டு தடவை கூட்டினேன். தயாவிடம் சொன்னேன். "பட்டாணிதானே வாணி, பாம்பா?" என்றார்.

மலேசிய தினம், விடுமுறை. சுங்கை சிப்புட்டிலிருந்து அப்பாவும் அம்மாவும் பேத்தியைப் பார்க்க வந்தார்கள். அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போதும் ஈப்போவுக்குப் பஸ்ஸில்தான் வருவார், ஓட்டுகிறவருக்கு யோசனை சொல்லிக்கொண்டே. வழக்கம்போல வீட்டு முன்புறத்தில், கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். உள்ளே வாங்கப்பா என்றேன். "இங்க நல்லா காத்து வருதும்மா" என்றார். இலை அசையவில்லை.

அத்தை தேநீர் கொடுத்தார், காகிதக் கப்பில். என் அப்பா அம்மா வரும்போது எடுப்பதற்கென்று அலமாரியில் ஒரு கட்டு காகிதக் கப் இருக்கிறது. கழுவுகிற வேலை மிச்சம். அத்தைக்கு முழங்கால் வலி வேறு. நியாயம்தான். குடித்து முடித்ததும் அப்பா கப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கல்யாணமாகி மூன்று வருஷம். தயாவின் வீடு பரம்பரைச் சைவம். எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் ஆட்டுக்கறிப் பெரட்டல். இங்கே வந்த நாளிலிருந்து நான் கறி தொட்டதில்லை. அது எனக்குப் பெரிய கஷ்டமாகவும் இல்லை. கஷ்டம் வேறு. இந்த மூன்று வருஷத்தில் என் பெற்றோரும் இவர்களும் ஒரு முறைகூட ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. கல்யாணத்தன்றுகூட மாமாவும் அத்தையும் கோயிலில் சாப்பிட்டுவிட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தார்கள்.

அக்டோபர் 12 நறுமுகைக்கு ஒரு வயது. அன்றைக்கு எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிட வேண்டும். எழுதிவிட்டேன். இனி பின்வாங்க மாட்டேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பிறந்தது. அத்தை இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கேட்டேன்.

"அத்தை, பாப்பா பொறந்த நாளுக்கு அந்தச் சீனச் சைவக் கடைக்குப் போவோமா? எங்கம்மா அப்பாவையும் கூப்பிட்டு."

அத்தை தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்ல மாட்டார். கேட்டவர் தன் தப்பைத் தானே கண்டுபிடிக்க அவகாசம் கொடுப்பார். நான் கண்டுபிடிக்கவில்லை.

"கடை சுத்தமான கடைதான். வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டாங்க" என்றார். "வர்றவங்கள சொல்லு. அன்னிக்குப் புரட்டாசி சனி. முந்தின நாள் வரைக்கும் கண்டதையும் தின்னுட்டு வந்து பக்கத்துல உக்காந்தா?"

"மாசம் முழுக்கச் சைவமா இருந்தா?"

"யாரு, உங்கப்பாவா?"

மாமா நாளிதழிலிருந்து தலையெடுக்காமல், "அந்தக் கடையில சார் சியூ நல்லா இருக்கும்" என்றார். சார் சியூ என்பது பன்றி இறைச்சி. அந்தக் கடையில் கோதுமைப் பசையை உருட்டி, சிவப்பாக்கி, சுட்டுத் தருவார்கள். பரம்பரைச் சைவரான மாமாவுக்கு அதென்றால் உயிர்.

"இருந்தா பாக்கலாம்" என்றார் அத்தை.

அதற்குச் சரி என்றுதான் அர்த்தம். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 18, புதன்

அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"மாசம் பூராவா? நாம சனிக்கெழம மட்டுந்தானேம்மா இருப்போம்."

"தெரியும்ப்பா."

"டீச்சர் சொன்னாங்களா?" என் மாமியாரை அப்பா டீச்சர் என்றுதான் சொல்வார்.

"இல்ல, நான் சொல்றேன்."

தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி. பேத்திக்காகப் புல்லு திங்கறேன்."

பின்னாலிருந்து அம்மா: "இத்தன வருசமா ஆட்டத் தின்னாரு. இனிமே ஆடு திங்கறதத் திங்கட்டும்."

செப்டம்பர் 21, சனி

கடையில் மேசை சொல்லி வைத்தாயிற்று. தயா, நான், பாப்பா மூவரும் போனோம். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் ஊதுபத்தி, நல்லெண்ணெய், இஞ்சி. கல்லாவுக்கு மேலே குவான் யின் தெய்வம், கையில் குடுவையோடு. சுவரில் படங்கள்: மீன், வாத்து, கோழிக்கால், ஆட்டிறைச்சி ரெண்டாங். ஒன்றுகூட உயிரோடு இருந்ததில்லை. கடைக்கார ஆன்ட்டிக்கு மாமாவை நன்றாகத் தெரியும். "சார் சியூ அங்கிள் வரலியா?" என்று மலாயில் கேட்டார்.

ஆறு பேருக்கு வட்ட மேசை. நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு. பாத்திரங்களை அதன்மேல் வைத்துவிட்டால் வேண்டியவர் வேண்டியதைத் தன் பக்கம் சுற்றி எடுத்துக்கொள்ளலாம். யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தயா வெளியே போனபோது அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். எல்லா நாற்காலிக்கு முன்னாலும் போய் வந்தது.

குழந்தை நாற்காலியின் வார் தளர்ந்திருக்கிறது. வீட்டிலிருந்து துப்பட்டா கொண்டுபோய்க் கட்ட வேண்டும்.

செப்டம்பர் 26, வியாழன்

பாப்பாவுக்குக் காய்ச்சல். மூச்சு விடுகிறாளா என்று இரண்டு தடவை எழுந்து பார்த்தேன். இரண்டு என்றே எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

காய்ச்சல் விட்டது. பல் காய்ச்சல்தான் என்று அத்தை முதலிலேயே சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

மத்தியானம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அத்தை பக்கத்து வீட்டு லிம் ஆன்ட்டியைப் பார்க்கப் போனார். பால் நேரத்துக்கு நான் கூப்பிடப் போனேன். லிம் ஆன்ட்டியின் அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. பன்றிக்கால் என்று வாசனையே சொன்னது. அத்தை மேசையில் உட்கார்ந்து பூப்போட்ட பீங்கான் கோப்பையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பாப்பா அதே கோப்பையின் விளிம்பைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

லிம் ஆன்ட்டி எப்போதும் அன்பானவர். இருபது வருஷப் பழக்கம். ஒருவர் வீட்டுக்குப் போய்க் கோப்பையைப் பற்றிக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 5, சனி

அப்பா இளைத்துவிட்டாராம். அம்மா சொன்னார். கூட வேலை பார்த்தவர் மகன் கல்யாணத்தில் பிரியாணிப் பந்தியைத் தாண்டிப் போய்ச் சோறும் அப்பளமும் வைத்துச் சாப்பிட்டாராம். நண்பர்கள் கேலி செய்தார்களாம், "வீராசாமி சாமியாராயிட்டாரு" என்று.

"என்னதான்ப்பா சாப்பிடறீங்க?"

"சோறு, ரசம், ஒரு கீர. தொட்டுக்க மொளகாச் சம்பால். அது இருந்தா போதும்மா எனக்கு."

தயாவிடம் சொன்னேன். "பாவம்" என்றார். பிறகு, "நீ இத ரொம்பப் பெருசாக்குற. ஒரு சாப்பாடுதானே" என்றார். ஒரு சாப்பாடுதான். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

அக்டோபர் 11, வெள்ளி

பாப்பாவின் பட்டுப்பாவாடையில் ஊக்கு எதுவும் இல்லையே என்று தையல் தையலாகத் தடவிப் பார்த்துவிட்டேன். நாளைக்கு.

அக்டோபர் 12, சனி

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

மத்தியானச் சாப்பாடு. நாங்கள் போனபோது அப்பாவும் அம்மாவும் ஏற்கெனவே வந்து, கடைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். அப்பா முழுக்கை பாத்தேக் சட்டை போட்டிருந்தார். கழுத்து தொளதொளவென்று இருந்தது. உள்ளே போய் வட்ட மேசையில் உட்கார்ந்தோம். அத்தை, மாமா, தயா, நான், குழந்தை நாற்காலியில் பாப்பா, அந்தப் பக்கம் அப்பா, அம்மா. உட்கார்ந்ததையே நான் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாசம் முழுக்க இருந்தீங்களாமே" என்றார் அத்தை.

"ஆமாங்க டீச்சர்."

"கஷ்டமா இருந்துச்சா?"

"மொத வாரம் கனவுல கோழி வந்துச்சுங்க. பெறகு அதுவும் வர்றதில்ல."

அத்தை சிரித்துவிட்டார். அப்பா சொல்லி அத்தை சிரித்து நான் பார்த்ததில்லை.

பாத்திரங்கள் வந்தன. கடற்பாசியைத் தோலாகப் போர்த்திய மீன், வால்கூட இருந்தது. மாமாவின் சார் சியூ. தடித்த குழம்பில் ரெண்டாங். கோழிக்கால் ஒரு தட்டு. அப்பா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எலும்புகூட வெச்சிருக்கானே லா."

"அது கரும்புத் துண்டு" என்றார் அத்தை. "மேல இருக்கறது சோயா. கடிச்சுப் பாருங்க."

"கறி திங்கறது பாவம்னு விட்டுட்டு, அதே கறிய மெனக்கெட்டுச் செஞ்சும் திங்கறானுங்களே டீச்சர். இது ஆசையா, வைராக்கியமா?"

"ரெண்டும்தான்" என்றார் அத்தை. வகுப்பில் நல்ல கேள்வி கேட்ட பையனைப் பார்ப்பதுபோல அப்பாவைப் பார்த்தார். காளான் தண்டு எப்படி ஆட்டிறைச்சி நாராகிறது என்று விளக்கினார். அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டார். தயா என் பக்கம் திரும்பி, பார்த்தாயா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.

அப்பா சோயாக் கட்டியான தவ்வைக் கொஞ்சம் பிசைந்து பாப்பாவுக்கு ஊட்டினார். கையால். நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். "சூடு பாத்துக் குடுங்க" என்றார். அவ்வளவுதான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பூண்டு இல்லை, வெங்காயம் இல்லை, உறைப்பும் இல்லை. அப்பாவுக்கு இறங்கவில்லை என்று தெரிந்தது. அம்மாவின் பையைத் துழாவி ஒரு சின்ன ஜாம் போத்தலை எடுத்தார். உள்ளே சிவப்பாகச் சம்பால். மூடியைத் திறந்தார். எனக்குக் காலையிலிருந்தே மூக்கடைப்பு. அதனால் எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இடமில்லாமல் போத்தலைக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்தார்.

மாமா சார் சியூவுக்காகத் தட்டைச் சுற்றினார். சார் சியூ அவரைத் தாண்டிப் போய்விட்டது. போத்தல் அவர் முன்னால் நின்றது.

"அட, சம்பாலும் வெச்சிருக்காங்களே" என்று ஒரு கரண்டி போட்டுக்கொண்டார். வாயில் வைத்ததும் கண்ணை மூடினார். "என்னா ஒரு மணம்." இன்னொரு கரண்டி. அத்தையின் தட்டிலும் ஒரு ஓரமாக வைத்தார். அத்தை தொட்டுச் சாப்பிட்டார்.

"நல்லா இருக்கே. எலுமிச்ச சரியா பிழிஞ்சிருக்காங்க. போன தடவை இது இல்ல."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "கடையோடது இல்லீங்க டீச்சர். நம்ம வீட்டுலேருந்து கொண்டாந்தது."

அத்தையின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது. தட்டை ஒரு விரலால் தள்ளி வைத்தார். காகிதத் துண்டை எடுத்து உதட்டைத் துடைத்தார். இதை நான் மிகத் தெளிவாகப் பார்த்தேன். வரிசை முக்கியம் என்பதால் எழுதுகிறேன்: இதுதான் முதலில் நடந்தது.

அதற்குப் பிறகுதான் கடைக்கார ஆன்ட்டி பிறந்தநாள் மீ கொண்டு வந்தார். மீ என்றால் நூடுல்ஸ்; நீளமாக இருக்கும், நீண்ட ஆயுளுக்கு. மேசையில் வைக்கக் குனிந்தவர் அப்படியே நின்று மூக்கை உறிஞ்சினார். போத்தலை எடுத்து முகர்ந்தார்.

"யார் இது கொண்டு வந்தது? இது பெலாச்சான் லா. இங்க தா போலே, கூடாது. சாமி கடை."

பெலாச்சான். கூனி இறாலை உப்பு போட்டுப் புளிக்கவைத்து இடித்த கட்டி. இந்த நாட்டில் அது இல்லாமல் சம்பால் அரைக்கிற வீடு குறைவு. அதைக் கறியென்றோ மீனென்றோ எங்கள் பக்கம் யாரும் யோசிப்பதில்லை. உப்பு மாதிரி, அது பாட்டுக்குச் சம்பாலில் இருக்கும்.

"இது மொளகா அரைச்சதுதானே" என்றார் அப்பா. "பக்கத்து வீட்டு ரொஹானியம்மா குடுத்தாங்க." அப்பா போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். "புரட்டாசி பூரா இதத்தான தொட்டுக்கிட்டேன்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

மாமா, "நான் முழுங்கிட்டேனே" என்றார்.

நான் எழுந்து ஆன்ட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு கையையும் கூப்பித்தான் கேட்டேன். அது அவர் கடை, அவர் சாமி, அவர் விரதம். ஆன்ட்டி போத்தலைக் காகிதத்தில் சுற்றிப் பின்கதவு வழியாக வெளியே வைத்துவிட்டு வந்தார். "பிங்கான் தட்டு எல்லாம் நான் தனியா கழுவிக்குவேன். முடிஞ்சது. மீ ஆறுது, சாப்பிடு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

அத்தை எழுந்து நின்றார். "இதுக்குத்தான் நான் அன்னிக்கே யோசிச்சேன். ஒரு மாசம் இருந்தா மட்டும் வந்துடுமா? பழக்கம்னு ஒண்ணு இருக்கு. அது பரம்பரையா வரணும்."

"டீச்சர், தெரியாமப் போச்சுங்க, மன்னிச்சிடுங்க" என்று அப்பா எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. அவர் கூனிக் குறுகியதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ நின்றுவிட்டது. பயம்தான் நின்றது என்று நினைக்கிறேன்.

"உக்காருங்கப்பா" என்றேன். "ஆன்ட்டிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டாச்சு. வேற யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல."

"வாணி" என்றார் தயா.

"அத்தை, அப்பா தெரியாம செஞ்சாரு. நீங்க மூணு வருஷமா தெரிஞ்சே செய்யறீங்க."

"என்ன செஞ்சேன்?"

"பெலாச்சான்னு ஆன்ட்டி சொன்னதுக்கப்புறம் நீங்க தட்டத் தள்ளல. நம்ம வீட்டுலேருந்துன்னு அப்பா சொன்னப்பவே தள்ளிட்டீங்க. அப்ப அது வெறும் மொளகா. லிம் ஆன்ட்டி வீட்டுல பன்னி வேகுது, அங்க கோப்பையில டீ குடிக்கிறீங்க. எங்கப்பாவுக்குக் காகிதக் கப். ஒரு மாசம் இளைச்சுப் போயி வந்து உக்காந்திருக்காரு. காரணம் கறி இல்ல அத்தை. என்ன காரணம்னு நீங்களே சொல்லுங்க. என் வாயால நான் சொல்ல மாட்டேன்."

பக்கத்து மேசையில் இருந்த தமிழர்கள் தங்கள் தட்டிலிருந்த மீனைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அத்தை பதில் சொல்லவில்லை. வழக்கமான அந்த அவகாசம் இது இல்லை. "கெளம்புங்க" என்று மாமாவிடம் சொன்னார். தயா கார் சாவியை எடுத்தார்.

"வா வாணி. வீட்டுல பேசிக்கலாம்."

"எனக்குப் பசிக்குது. எம் பொண்ணு பொறந்தநாள் மீ ஆறிப் போவுது."

போய்விட்டார்கள். மாமா கதவருகில் ஒரு முறை திரும்பிப் பார்த்தார், எங்களையா சார் சியூவையா தெரியவில்லை. நான் மீயைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். ஒரு இழைகூட மிச்சம் வைக்கவில்லை. அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஒரு மாசம் வீணாப் போச்சு" என்றார்.

"பெருமாளு மீனாவே அவதாரம் எடுத்தவரு" என்றார் அம்மா. "எறாலுக்கெல்லாம் கோவிக்க மாட்டாரு. தின்னுங்க."

அப்பா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தார். பிறகு சிரிப்பது போலவே அழுதார்.

இதை சுங்கை சிப்புட்டில் எழுதுகிறேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

தயா கூப்பிட்டார். அத்தை வந்ததும் தலைக்குக் குளித்தாராம். மாமாவையும் குளிக்கச் சொன்னாராம். "நீ அவ்வளவு பேர் முன்னாடி அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். எவ்வளவு பேர் முன்னால் பேசியிருக்கலாம் என்று கேட்டேன்.

பாப்பா இங்கே நன்றாகத் தூங்குகிறாள். கொசுவலையில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. இரண்டையும் அடைத்துவிட்டேன்.

அக்டோபர் 16, புதன்

புரட்டாசி கடைசி நாள். அப்பா இன்றுவரை கறி கேட்கவில்லை. "ஆரம்பிச்சாச்சு, முடிச்சிடறேன்" என்றார். சம்பாலை ரொஹானியம்மாவிடம் சொல்லி பெலாச்சான் இல்லாமல் அரைத்து வாங்கியிருக்கிறார். நன்றாகவே இல்லையாம்.

அக்டோபர் 20, ஞாயிறு

தயா வந்தார். பாப்பா அவரைப் பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள், முதல் தடவையாக. அதைப் பார்த்து அவர் கண் கலங்கிவிட்டது. நானும் இளகிவிடுவேனோ என்று பயந்து துணி காயப்போடப் போனேன். பின்னாலேயே வந்தார்.

"வீட்டுக்கு வா வாணி."

"வர்றேன். தீபாவளிக்கு எங்கம்மா அப்பா வருவாங்க. உள்ள வந்து, மேசையில உக்காந்து, நாம சாப்பிடற தட்டுல, நாம சாப்பிடறதச் சாப்பிடுவாங்க."

"அம்மாவ எப்படி மாத்தறது? இந்த வயசுல?"

"மாத்தச் சொல்லல. அவங்க விருப்பம்னா ரூம்லயே இருக்கட்டும். மேசையில தட்டு வைக்கச் சொல்றேன், அவ்வளவுதான்."

"முடியாதுன்னா?"

"நானும் பாப்பாவும் எங்கப்பா எங்க சாப்பிடறாரோ அங்க சாப்பிடுவோம். அவ இப்பத்தான் கோப்பை பிடிக்கப் பழகறா, தயா. யாருக்கு எந்தக் கோப்பைன்னு உங்க வீட்டுல கத்துக்குவா. நான் விட மாட்டேன்."

அவர் ஈரத் துணியை என்னிடமிருந்து வாங்கிக் கொடியில் போட்டார். கோணலாகப் போட்டார். நான் சரி செய்யவில்லை. "நான் என்னைக்கும் அந்தக் கப்பப் பத்திக் கேட்டதில்ல" என்றார். "தெரியும் எனக்கு. கேட்டதில்ல."

சாயங்காலம் மூவரும் ஈப்போ வந்தோம்.

அக்டோபர் 24, வியாழன்

அத்தை என்னோடு பேசுவதில்லை. பாப்பாவோடு பேசுகிறார், நான் கேட்கும்படி. "உங்கம்மாவுக்கு ரொம்பப் படிப்பு தங்கம்." பின்கட்டில் சின்ன அடுப்பு வைத்துத் தனக்கு மட்டும் சமைத்துக்கொள்கிறார். மாமா இரண்டு அடுப்புச் சமையலையும் சாப்பிடுகிறார்.

அக்டோபர் 30, புதன்

முறுக்கு முடிந்தது. நெய்யுருண்டை உடைகிறது. சீனக் கடையிலிருந்து காளான் ஆட்டிறைச்சி வாங்கி வந்து ஊறவைத்திருக்கிறேன். ஆன்ட்டி என்னை அடையாளம் கண்டு, "இன்னைக்குப் போத்தல் இருக்கா?" என்று பையை எட்டிப் பார்த்தார். நாளை அப்பாவும் அம்மாவும் வந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. வராமல் போவார்களோ என்றும்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி.

காலையில் எண்ணெய்க் குளியல், பூஜை. பூஜை முடிந்ததும் அத்தை முழங்கால் வலி என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அம்மாவின் பக்குவத்தில் காளான் கறியைப் பெரட்டினேன். இந்த வீட்டுச் சமையலறையில் அந்த மசாலா வாசனை வருவது இதுதான் முதல் தடவை. மாமா மூன்று முறை தண்ணீர் குடிக்க வந்தார்.

மத்தியானம் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். "பாப்பாவ மட்டும் ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறோம்மா. வெளிய நின்னுக்கறோம். பண்டிக நாளும் அதுவுமா வேணாம்."

நான் பேச வாயெடுப்பதற்குள் மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் கேட்டைத் திறந்தார். "உள்ள வாங்க சம்பந்தி" என்றார். அந்தச் சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கே குரல் கொஞ்சம் பிசிறியது. "இவ என்னமோ செஞ்சிருக்கா. எனக்கு வாசனையே தாங்கல, சீக்கிரம் வாங்க."

தயா மேசையில் தட்டுகளை வைத்தார். வெள்ளைப் பீங்கான் தட்டுகள், நாங்கள் தினமும் சாப்பிடுகிறவை. சாத்திய கதவுக்குப் போய், "அம்மா, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டார். பதில் வரவில்லை. ஆறாவது தட்டையும் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

சாப்பிட்டோம். பாப்பா கரண்டியால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு வாய் பெரட்டல் எடுத்து மென்றார்.

"எப்படிப்பா?"

"ஆட்டுக்கறி மாதிரியே இல்லம்மா." இன்னொரு வாய் எடுத்தார். "ஆனா நல்லா இருக்கு."

"எனக்கு அது எப்படி இருக்கும்னே தெரியாது" என்றார் மாமா. "அதனால எனக்கு ரொம்ப நல்லா இருக்கு."

அம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். சிரிப்பு அறைக்குள் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் நான் அடக்கவில்லை.

சாப்பிட்டதும் அப்பா தன் தட்டை எடுத்துக்கொண்டு கழுவ எழுந்தார். எங்கே போனாலும் அவர் அப்படித்தான். வெளிக் குழாய் எந்தப் பக்கம் என்று கண்ணால் தேடினார். நான் அந்தத் தட்டைக் கையிலிருந்து வாங்கி, எல்லாத் தட்டுகளோடும் சேர்த்துத் தொட்டியில் போட்டேன். யாரும் உட்காராத ஆறாவது தட்டையும் அதோடு போட்டேன்.

அவர்களைத் தயா காரில் கொண்டுபோய் விட்டார். முன் சீட்டில் அப்பா. போகும்போதே ஓட்டுவதைப் பற்றி யோசனை சொல்லத் தொடங்கியது கேட்டது.

பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டு வந்தபோது அத்தை சமையலறையில் நின்றிருந்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பாப்பாவின் பிறந்தநாளுக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார்.

"அவங்க சாப்பிட்ட தட்டு எது?"

தட்டுகள் கழுவி, துடைத்து, அடுக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. நானும் பார்த்தேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

"தெரியாது அத்தை. எல்லாத்தையும் ஒண்ணாத்தான் கழுவினேன்."

அவர் அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சோற்றுப் பானையை, ரசத்தை, பெரட்டலை மேசையில் எடுத்து வைத்து மூடிவிட்டு அறைக்கு வந்துவிட்டேன்.

பசித்தால் எடுத்துக்கொள்வார். தட்டுகள் அங்கேதான் இருக்கின்றன.